ஆவண வெளிப்படுத்துகையும் சாட்சிய மறுதிறப்பும்

உரிமையியல் வழக்கில் எதிர்த்தரப்பின் கையிலுள்ள ஆவணங்களையும் தகவல்களையும் விசாரணைக்கு முன்பே நீதிமன்றத்தின் வழியாகப் பெறும் முறை ஆவண வெளிப்படுத்துகை. இந்தியாவில் இது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 11இன்படி நடக்கிறது.

கொச்சி மட்டாஞ்சேரியில் இரு மிளகு வணிகரிடையே சரக்குக்கான பாக்கி குறித்து வழக்கு எழுந்தால், வாதி வினாப்பட்டியல் அனுப்பலாம். பேரேடு, கிடங்கு ரசீது ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிடக் கோரலாம். அவற்றைப் பார்வையிட்டு நகலும் எடுக்கலாம். நீதிமன்ற ஆணையை மீறும் வாதியின் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி மீறினால் அவரது எதிர்வாதம் நீக்கப்படலாம்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம் (2015) இன்னும் கண்டிப்பானது. வாதி வழக்குரையுடனும் பிரதிவாதி எதிர்வழக்குரையுடனும் தம் வசமுள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும் வெளிப்படுத்த வேண்டும். வாதி விடுபட்டதைப் பின்னர் தாக்கல் செய்ய, தக்க காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும்.

அதேபோல், முடிந்த சாட்சியத்தை மீண்டும் திறப்பதும் விதிவிலக்கே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18 விதி 17 சாட்சியைத் திரும்ப அழைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. புதிய சான்று சேர்க்க இடமளித்த விதி 17அ, 2002இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பழனிசாமி வழக்கில் (2011), உரையாடல் பதிவான குறுந்தகட்டைச் சான்றாக்க, பிரிவு 151இன்கீழ் சாட்சியத்தை மறுதிறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது; விதி 17இன்கீழான மனு தள்ளுபடியானதை உறுதிசெய்தது. பிரிவு 151இன் உள்ளார்ந்த அதிகாரத்தால் சாட்சியத்தை மறுதிறக்கலாம். ஆனால் வழக்கை இழுத்தடிக்கும் மனுக்களை ஏற்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் நெறி.