உயிரோடு இருக்கும்போதே மூளையைப் பார்க்க...

19ம் நூற்றாண்டில் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்றொரு மருத்துவர் இருந்தார். தசைகள் மெலிந்து, பேச்சு குழறி, கடைசியில் மூச்சுவிடவே முடியாமல் போகும் நோயாளிகளை அவர் கவனமாகக் குறிப்பெடுத்தார். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பதை, அவர்கள் இறந்தபின் உடலை அறுத்துத்தான் பார்க்க முடிந்தது! தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்திருந்தன. 1874ல் அவர் வைத்த பெயரின் சுருக்கம்தான் ஏ.எல்.எஸ்.

1973ல் பால் லாட்டர்பர் காந்தப்புலத்தைக் கொண்டு படமெடுக்கும் முறையை வெளியிட்டார். எம்.ஆர்.ஐ. பிறந்தது. ஆனால் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் ஏ.எல்.எஸ். நோயாளியின் மூளை பெரும்பாலும் இயல்பாகவே தெரிந்தது. கட்டியோ தண்டுவட அழுத்தமோ இல்லை என்று உறுதிசெய்யவே அது பயன்பட்டது.

1994ல் பீட்டர் பாஸர் குழுவினர் புதுவழி காட்டினர். நல்ல நரம்பிழையில் நீர் இழையின் நெடுக்கில் அதிகம் நகரும்; இழை சிதைந்தால் இந்தத் திசை ஒழுங்கு குறையும். இதை அளந்தபோது, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையின் சிதைவு உயிருள்ளவர்களிடமே தெரிந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1963ல், 21 வயதில், இரண்டே வருடம் என்று கெடு சொல்லப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தார். நோயின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். படங்கள் ஒரு கூட்டத்தின் சராசரியை நன்றாகக் காட்டுகின்றன. தனி ஒருவரின் வேகத்தை நம்பிச் சொல்ல அவை போதவில்லை. அதனால்தான் மருந்து சோதனைகளில் எழுத முடிகிறதா, படியேற முடிகிறதா என்று 12 கேள்விகள் கேட்டு 48க்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

ஷார்கோவால் பார்க்க முடியாததை இன்று பார்க்கலாம். ஆனால் 'எனக்கு இன்னும் எத்தனை நாள்?' என்று நோயாளி கேட்டால் படத்திடம் பதில் இல்லை!