மின்கிட்டாரின் புதிய வடிவங்களும் பொருள்களும்: வாசிப்பவர்கள் ஏற்பதும் மறுப்பதும்

மின்கிட்டார், எஃகுக் கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி ஒலிபெருக்கி வழியே கேட்கவைக்கும் கருவி. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. மேலே எஃகு அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னோட்டம் பிறக்கும். சாதாரண கிட்டாரைப்போல ஒலியைப் பெருக்க ஒரு மரக்கூடு இதற்குத் தேவையில்லை. அதனால் எந்தப் பொருளிலும் எந்த வடிவிலும் உடலைச் செய்யலாம். அப்படியிருந்தும், 1951-ல் அந்தப் பெயரைப் பெற்ற ஃபெண்டர் டெலிகாஸ்டர், 1952-ன் கிப்சன் லெஸ் பால், 1954-ன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மூன்றின் சாயல்தான் இன்றைக்கும் கடைச் சுவர்களில் நிறைந்து கிடக்கிறது. மரத்துக்குரிய நாதம் வேறெதிலும் வராது என்று ஆர்வலர்கள் காரணம் சொல்வார்கள். கிட்டார்காரர்கள் பழமைவாதிகள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே முழுக் காரணமாகத் தெரியவில்லை. வாங்கியவர் தன் கையாலோ பக்கத்துத் தெருப் பட்டறையிலோ பிரித்து, மாற்றி, பழுதுபார்த்துக்கொள்ள இடம் விட்ட புதுமைகள் பெரும்பாலும் நிலைத்தன. அந்த இடத்தை அடைத்தவை எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் ஓரமாய்ப் போயின.

மரம்தான் மரபு என்ற எண்ணத்தை வரலாறு அவ்வளவாக ஆதரிப்பதில்லை. விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டார்களில் ஒன்றான ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்' அலுமினிய வார்ப்பில் ஆனது. ஜார்ஜ் போஷாம்ப் 1931-ல் உருவாக்கிய அதற்கு 1937-ல்தான் காப்புரிமை கிடைத்தது. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்ததால், 1935-ல் அதே நிறுவனம் பேக்கலைட்டுக்குத் தாவியது. 1950களில் டேன்எலெக்ட்ரோ ஹார்டுபோர்டில் செய்த மலிவுக் கிட்டாரை ஜிம்மி பேஜ் பின்னாளில் பெரிய மேடைகளில் வாசித்தார். குவீன் குழுவின் பிரையன் மே, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மகோகனியையும் மேசையின் ஓக் மரத்தையும் கொண்டு தன் தந்தையோடு 1963 முதல் செய்த கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுக்க வாசித்துவருகிறார். புனிதமாகிவிட்ட ஃபெண்டரின் ஆஷ் மரமும் நாதத்துக்காகத் தேர்ந்ததல்ல. எளிதாகக் கிடைத்தது, விலையும் கட்டுப்படியானது. 1956-ல் பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆல்டர் மரத்துக்கு மாறின. இன்று இரண்டுமே 'அசல்' என்று போற்றப்படுகின்றன.

ஒலியைப் பற்றிய சோதனைகளும் மரக்கட்சிக்குச் சாதகமாக இல்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வெவ்வேறு மரத்தால் ஆன 6 கிட்டார்களை 52 பேர் வாசித்தார்கள். மரம் கண்ணில் படாதபடி மங்கிய அறை, வெல்டிங் கண்ணாடி. விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அவை மின்சாரம் இல்லாத கிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் மரக்கூடே ஒலிக்கிற கருவியிலேயே வேறுபாடு இவ்வளவு மெலிதென்றால், கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒலி பிறக்கிற கருவியில் அது இன்னும் தடித்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை. நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில் உடலும் கழுத்தும் இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு இடையே கம்பியைக் கட்டி, பிக்கப்பைச் சரியான தொலைவில் வைத்து வாசித்துக் காட்டிய காணொளி இந்த வாதத்தை எல்லார் காதுக்கும் கொண்டுபோனது. மரம் எதையுமே செய்வதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கழுத்து போதிய விறைப்பாக இல்லாவிட்டால் சில இடங்களில் கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். சுரம் சட்டென்று செத்துவிடும். பேஸ் கிட்டாரில் இது நன்றாகவே தெரியும். அந்தக் குறைக்கு மருந்தாக வந்ததுதான் 1970களின் கடைசியில் தோன்றிய கார்பன் இழைக் கழுத்து. காது மட்டுமே தீர்ப்புச் சொல்வதாக இருந்தால், அது கழுத்துக்கு வழக்கமான மேப்பிள் மரத்தை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்த கிட்டாரில் கழுத்து, உடலோடு 4 திருகுகளால் பூட்டப்பட்டது. ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்தவர் அவர். கெட்ட பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த தர்மம். கைவினை மரபில் வந்த போட்டியாளர்கள் அந்தத் தட்டைப் பலகையைப் படகுத் துடுப்பு என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்தத் திருகுகள், செய்தவர் நினைக்காத ஒன்றையும் செய்தன: வாங்கியவரைப் பாதித் தயாரிப்பாளர் ஆக்கின. 1970களில் மாற்று பிக்கப்புகளும் தனிக் கழுத்துகளும் விற்கும் ஒரு தொழிலே எழுந்தது. எட்டி வான் ஹேலன் தனியாக வாங்கிய உடலையும் கழுத்தையும் சேர்த்து, கிப்சன் கிட்டாரின் பிக்கப்பை அதில் பொருத்திச் செய்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' அந்தக் கலாச்சாரத்தின் கொடியாயிற்று.

இந்தக் கண்ணோட்டத்தில் ஸ்டைன்பெர்கரைப் பார்க்கலாம். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் கொண்டுவந்த பேஸ், தலையில்லாத சின்னச் செவ்வகம். கார்பன் இழையும் எப்பாக்சியும் கலந்த ஒரே வார்ப்பு. சுருதி அசையாது, கழுத்து வளையாது, மரத்தைப் பற்றிய புகார் ஒன்றுகூட இதன்மீது செல்லாது. ஆனால் கம்பி மாற்றும் வேலையை நெருங்கிப் பார்த்தால் சங்கதி விளங்கும். வழக்கமான கிட்டார்க் கம்பிக்கு ஒரு முனையில் மட்டும் சிறு உலோக உருண்டை இருக்கும். மறுமுனையைத் தலையிலுள்ள முளையில் சுற்றுவார்கள். இதற்கு இரு முனையிலும் உருண்டை உள்ள, அளவு பிசகாத கம்பி வேண்டும். இணைப்புத் துண்டு இல்லாமல் சாதாரணக் கம்பியை மாட்ட முடியாது. கச்சேரி நாளன்று கம்பி அறுந்தால் அக்கம்பக்கத்துக் கடை கைவிரிக்கும். கென் பார்க்கர் 1993-ல் வெளியிட்ட 'ஃப்ளை' இன்னும் துணிச்சலானது. மெல்லிய மரத்தின் மேல் கார்பனும் கண்ணாடி இழையும் போர்த்திய அதன் எடை சுமார் இரண்டேகால் கிலோ. லெஸ் பால் 4 கிலோவைத் தாண்டும். தோள்வலிக்காரர்கள் கொண்டாடியிருக்க வேண்டியது. ஆனால் அதன் துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட்டுகள் (விரற்பலகையின் குறுக்குக் கம்பிகள்) பள்ளத்தில் அறையப்படாமல் பசையால் ஒட்டப்பட்டவை, பிக்கப்புகள் வழக்கமான அளவில் இல்லாதவை. அதை வைத்திருந்தவர்கள் நேசித்தார்கள். வாங்க நினைத்தவர்கள், 10 ஆண்டு கழித்து இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் அதே தலையில்லா வடிவத்தைப் பிற்பாடு கொண்டுவந்தபோது சாதாரணக் கம்பியே போதும், கழுத்துக்குத் திருகு உண்டு, உடல் மரத்தாலானது. 2010களில் அது புதிய மெட்டல் இசைக்காரர்களிடையே வேர்விட்டது. ஐபனெஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான், கதிதான் வேறு.

கிப்சன் வாங்கிக்கொண்ட அடி இதைவிடத் தெளிவான சான்று. தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் 'ரோபோ கிட்டார்' 2007-ல் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் வந்தபோது யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. 2015-ல் மோட்டார் வைத்த சுருதிக்கருவியை, அகன்ற கழுத்தோடும் கூடிய விலையோடும் பெரும்பாலான மாடல்களில் கட்டாயமாக்கியதும் ஆர்வலர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே பழைய வகைகள் திரும்பின. மின்னணுச் சரக்கு நிரம்பிய 'ஃபயர்பேர்ட் எக்ஸ்' கதை இன்னும் சோகம்: விற்காமல் தேங்கிய நூற்றுக்கணக்கானவற்றை எந்திரம் ஏற்றி நசுக்கிய காட்சி 2019-ல் வெளியே வந்தது. நசுக்கியதற்காக ரசிகர்கள் கோபித்தார்கள். அவற்றை வாங்காதவர்களும் அவர்களேதான்.

இந்த வாதத்துக்கு எதிராக, நெம்புகோலால் கம்பிகளைத் தளர்த்தி இறுக்க உதவும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜைக் காட்டலாம். அதைப் பொருத்த உடலைக் குடைய வேண்டும், கம்பி மாற்ற ஆலன் சாவி வேண்டும், ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். இத்தனை தொல்லையோடும் 1980களில் அது பரவியது. கம்பியை முற்றிலும் தளர்த்திவிட்டு மீட்டாலும் சுருதி திரும்பி வரும் வசதி வழக்கமான பிரிட்ஜ்களில் இல்லை. அப்போதைய இசைக்கு அது தேவைப்பட்டது. மேலும் அது கழற்றி மாட்டக்கூடிய தனிப் பாகமாகவே விற்றது. கழுத்தைப் பசையால் ஒட்டிய லெஸ் பால் எப்படிப் புனிதமானது என்றும் கேட்கலாம். ஒட்டியிருந்தாலும் மரம் மரம்தான். முறிந்த தலையைச் சேர்ப்பது பட்டறைகளில் அன்றாட வேலை. பசையை நீராவியால் இளக்கிக் கழுத்தைக் கழற்றவும் முடியும். கண்ணின் பங்கையும் மறுப்பதற்கில்லை. 1958-ல் வந்த 'ஃப்ளையிங் வி' முதலில் நூறுகூட விற்கவில்லை. அதே கிட்டார் இன்று ஏலத்தில் செல்வந்தர்களுக்கே எட்டும். இந்த மாறுதலுக்குப் பழுதுபார்க்கும் வசதியைக் காரணமாகச் சொல்ல முடியாது. பெயர்பெற்ற கைகள் அதைத் தூக்கியதால் வந்த மதிப்பு அது. ஆனால் அந்தக் கைகள் வந்துசேரும்வரை அந்தக் கிட்டார் வாசிக்கும் நிலையில் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

சட்டமும் பூச்சியும் கட்டாயப்படுத்திய மாற்றங்களை ஆர்வலர்கள் விழுங்கிக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. விரற்பலகைக்குப் பேர்போன ஈட்டி மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடே 1990களில் தனிச் சட்டம் இயற்றியது. 2017 சனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதும் அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, மெக்சிகோவில் செய்யும் கிட்டார்களுக்கு ஃபெண்டர் தென்னமெரிக்கப் பாவ் ஃபெர்ரோ மரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. நிறம் வெளிறிவிட்டதென்று முணுமுணுப்பு எழுந்தது, வாங்குவது நிற்கவில்லை. இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டும் மிசிசிப்பி வெள்ளமும் ஆஷ் வரத்தைக் குறைக்க, 2020-ல் ஃபெண்டர் பெரும்பாலான மாடல்களிலிருந்து அதை விலக்கியதையும் பலர் வருத்தத்தோடு ஏற்றார்கள். மர இறக்குமதி விவகாரத்தில் 2009-லும் 2011-லும் அமெரிக்க அரசு கிப்சனைச் சோதனையிட்ட பிறகு, காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த ரிச்லைட்டை அந்நிறுவனம் சில மாடல்களில் கருங்காலிக்குப் பதிலாகப் பூட்டியது. விலை உயர்ந்த லெஸ் பாலில் காகிதமா என்று தொடக்கத்தில் பெரிய கூச்சல். ஆனால் தேய்ந்த ஃபிரெட்டைப் பிடுங்கிப் புதியதை அறையும்போது பட்டறைக்காரருக்கு அதே ரம்பமும் அதே அரமும் போதும். அந்தப் பலகையைக் காட்டி வேலையைத் திருப்பியனுப்ப அவருக்குக் காரணமில்லை.