எஸ்க்யூஎல் சர்வரில் நிகழ்வுக் கண்காணிப்பு: டிரேஸிலிருந்து எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் வரை

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் எந்த வினவல் தாமதிக்கிறது, எது எந்தப் பூட்டுக்காகக் காத்து நிற்கிறது என்பதைப் பார்க்க முதலில் கிடைத்த கருவி எஸ்க்யூஎல் டிரேஸ். 1998இல் வந்த 7.0 பதிப்பில் புரொஃபைலர் அதற்குத் திரைமுகமாக அமைந்தது. ஓடும் வினவல்களை வரிவரியாகக் கண்ணால் காண முடிந்ததால் தரவுத்தள நிர்வாகிகள் அதை விட்டு அகலவில்லை. எந்நேரமும் பின்னணியில் ஓடும் இயல்பு டிரேஸ் 2005 பதிப்பில் சேர்ந்தது.

டிரேஸின் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. நிகழ்வின் தகவல் முழுவதும் திரட்டப்பட்ட பிறகே வடிகட்டி வேலை செய்யும். 10,000 வினவல்களில் பத்து மட்டும் தேவையென்றாலும் திரட்டும் செலவு 10,000க்கும் உண்டு. புரொஃபைலர் திரையில் பார்ப்பது இதைவிடக் கடினமான சுமை. வாங்கும் கணினி பின்தங்கினால், நிகழ்வைக் கைவிடுவதற்கு முன் சர்வரின் இழைகள் காத்து நின்றன. நெரிசலான நேரத்தில் யாரோ திறந்துவைத்த ஒரு புரொஃபைலர் சாளரம் எல்லோருடைய வேலையையும் தாமதப்படுத்தக்கூடும்.

2008 பதிப்பில் அறிமுகமான எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் இந்த வரிசையை மாற்றியது. நிகழ்வின் அடிப்படைப் புலங்கள் மட்டும் முதலில் எடுக்கப்படும். உடனே நிபந்தனை சோதிக்கப்படும். தேறியவற்றுக்கே கூடுதல் தகவல் சேர்க்கப்படும். நிபந்தனைகள் பல இருந்தால், ஒன்று பொய்த்ததும் சோதனை அங்கேயே நின்றுவிடும். ஆகவே பெரும்பாலானவற்றைக் கழிக்கும் நிபந்தனையை முன்னால் எழுதுவது முக்கியம்.

இத்தனை நல்ல அமைப்பு இருந்தும் அது உடனே பரவவில்லை. வரைகலை முகப்பு இல்லை. முடிவுகளை எக்ஸ்எம்எல்லாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. 2012 பதிப்பு மேலாண்மை ஸ்டுடியோவுக்குள்ளேயே முகப்பைத் தந்தது. டிரேஸும் புரொஃபைலரும் வருங்காலத்தில் நீக்கப்படவுள்ளவை என்ற அறிவிப்பும் அப்போதே வந்தது.

ஐந்து நொடிக்கு மேல் ஓடும் வினவல்களைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘கிரியேட் ஈவென்ட் செஷன்’ கட்டளையில் வினவல் தொகுதி முடியும் நிகழ்வைச் சேர்த்து, கால அளவு 5000000ஐ விட அதிகம் என்று நிபந்தனை இட வேண்டும். இங்கே அலகு மைக்ரோ நொடி. பழக்கத்தில் 5000 என்று எழுதினால் ஐந்து மில்லி நொடிக்கு மேற்பட்டவை எல்லாம் வந்து குவியும். அடுத்து, எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதைக் கூடுதல் தகவலாகக் கேட்டு, இலக்காக ஒரு கோப்பைக் குறிக்க வேண்டும். அமர்வை உருவாக்கினால் மட்டும் அது ஓடாது. ‘ஆல்டர்’ கட்டளையால் தொடங்க வேண்டும். சர்வர் மறுதொடக்கத்துக்குப் பிறகும் தானாக ஓட, தொடக்க நிலை அமைப்பை இயக்கி வைக்க வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து இலக்கு மாறும். நினைவகத்தில் சுழலும் வளையம் சிறிது நேரப் பார்வைக்குப் போதும். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எண்ணி இலக்கும், எந்த வகைக் காத்திருப்பு மிகுதி என்றறிய ஹிஸ்டோகிராமும் உண்டு. பின்னாளில் ஆராய வேண்டியவற்றுக்குக் கோப்பே ஏற்றது. இடைநிலை நினைவகம் இயல்பாக 4 எம்பி. நிறையாவிட்டாலும் 30 நொடிக்குள் இலக்குக்குப் போய்விடும். சுமை மிகுந்தால் இயல்பு அமைப்பு ஒரு நிகழ்வை விட்டுவிடும், வினவலைக் காக்க வைக்காது. எதையும் இழக்கக்கூடாது என்று அமைத்தால் பழைய புரொஃபைலரின் சிக்கலே திரும்பும். வினவல் முடிந்தபின் செயல்திட்டத்தைப் பிடிக்கும் நிகழ்வும் மிகக் கனமானது. உற்பத்திச் சர்வரில் அதைத் தவிர்ப்பது நல்லது.

யாரும் அமைக்காமலே ஓடும் அமர்வு ஒன்றும் 2008 முதல் உண்டு: சிஸ்டம் ஹெல்த். டெட்லாக் வரைபடங்கள், தீவிரம் 20உம் அதற்கு மேலுமான பிழைகள், பூட்டுக்காக 30 நொடிக்கு மேல் நீண்ட காத்திருப்புகள் ஆகியவை அதில் பதிவாகின்றன. நள்ளிரவில் நேர்ந்த டெட்லாக்கின் தடயத்தைக் காலையில் முதலில் தேட வேண்டிய இடம் அதுவே. அஸூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அமர்வு சர்வர் அளவில் அல்லாமல் தரவுத்தள அளவில் உருவாக்கப்படுகிறது. 2017இல் வந்த மேலாண்மை ஸ்டுடியோ 17.3, உடனடி அமர்வு ஒன்றை ‘எக்ஸ்ஈவென்ட் புரொஃபைலர்’ என்று பழைய பெயரைத் தாங்கியே தந்தது.