தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு

பேராயர் இல்லாமல் திருச்சபை உண்டா என்ற கேள்வியில் பிரிந்து நின்ற புராட்டஸ்டண்ட் சபைகள் ஒன்றுசேர்ந்த நிகழ்வு. 1919-இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா உள்ளிட்டோர் கூடித் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. முட்டிக்கொண்டது குருப்பட்டத்தில்தான்: பேராயர் கையால் அபிஷேகம் பெறாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் போதகர்களின் ஊழியம் செல்லுமா? ஆங்கிலிக்கன் தரப்பு இறங்கிவந்தது. யாருக்கும் மறுபட்டம் கேட்கவில்லை. மற்றவர்கள் பேராயர் முறையை ஏற்றனர். அதற்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டையோ ஊழியரையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியே உடன்பாட்டின் உயிர்நாடி. எல்லாரும் இணங்கிவிடவில்லை, ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் வெளியே நின்றனர். ஒன்றிப்பைக் காணாமலே அசரியா 1945-இல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிப்பு நிறைவேறியது.