கடிக்கும் ஊசிக்கும் இடையே

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் ஒருவர் தண்ணீருக்கு அஞ்சிச் சாவது கொடுமையிலும் கொடுமை. வெறிநாய்க்கடி நோய் முற்றியவருக்கு ஒரு மிடறு நீரைக் கண்டாலே தொண்டை இறுகித் துடிக்கும். அந்நிலை வந்துவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆயினும் வருமுன் முற்றிலும் தடுக்கத்தக்க நோய் இது. அந்தத் தடுப்பு நம் வாசலுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கடிவாயில் புகுந்த கிருமி நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. அதற்குப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியிலேயே உடலுக்கு எதிர்ப்பாற்றல் ஊட்ட முடியும் எனக் காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அவருடைய தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

பாரிசில் பிறந்த அம்மருந்து 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்கு வந்தது. தென்னகத்திற்கோ அதுவும் தொலைவே. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் இந்நோய்க்குப் பலியானார். அதன்பின், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் உதவியோடு, 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் எழுந்தது. மலை இரயில் 1899இலேயே குன்னூரை எட்டியிருந்தது. ஆனால் மன்னார்குடிப் பக்கத்து உழவுத் தொழிலாளி ஒருவர், நடவுக் கூலியையும் இழந்து, திருச்சி, ஈரோடு, மேட்டுப்பாளையம் கடந்து மலையேறுவது எளிய செயலா?

இத்தொலைவைக் குறைத்தது, கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்து. ஆட்டின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து ஆக்கிய அதனை வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. மலையிலிருந்த மருத்துவம் சமவெளிக்கு இறங்கியது. எனினும், வயிற்றில் நாள்தோறும் போட்ட அந்த ஊசிகளை நம் முன்னோர் மறக்கவில்லை. அரிதாகச் சிலருக்கு வாதத்தையும் விளைவித்த அம்மருந்து, 2005 வாக்கில் இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது உயிரணுக்களில் வளர்த்து ஆக்கும் பாதுகாப்பான மருந்தைக் கையிலேயே போடுகின்றனர்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ஆக, கடல் கடந்தும் மலை ஏறியும் தேட வேண்டியிருந்தது இன்று நம் ஊருக்கு அருகிலேயே கிடைக்கிறது. எஞ்சியிருப்பது நம் தயக்கம் ஒன்றே. "சின்னக் கீறல்தானே" என்கிறோம். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புகிறோம். அடிக்கு அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைக்கின்றனர். பழைய ஊசியின் அச்சமும் நம்மை விட்டபாடில்லை. கிருமியோ நமக்காகக் காத்திருப்பதில்லை.

நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவோம். அன்றே மருத்துவரிடம் செல்வோம். கடி ஆழமானால் புண்ணிலேயே செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டு முடிப்போம். கடிபட்டு வரும் பிள்ளையை அதட்டாமல் அணைத்துக் கேட்கும் பெற்றோரே அதன் முதல் மருத்துவர்.