பதினேழு வளைவுக்கு அப்பால்

'சல் மேரா புத்' என்ற பஞ்சாபிப் படத்தின் நான்காம் பாகம் 2025 ஆகஸ்ட் 1 அன்று வரும் என்று அறிவித்திருந்தார்கள். முதல் பாகம் 2019இல் வந்தது. பர்மிங்காமில் ஒரு வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, போலீசைக் கண்டால் ஒளிந்து, கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கும் நண்பர்களின் கதை. இந்தியப் பஞ்சாபியும் பாகிஸ்தான் பஞ்சாபியும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே ஒன்றாகச் சாப்பிடுவார்கள். 1947இல் போட்ட கோடு அந்தச் சமையலறைக்குள் செல்லாது. இங்கே செல்லும் போலிருக்கிறது. பாகிஸ்தான் நடிகர்கள் இருந்ததால் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வருவதே அப்போது சந்தேகமாக இருந்தது.

போடிக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இந்த ஊரில் அயலூர்ப் பிழைப்புக்கு விமானம் வேண்டாம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வேறு மாநிலம். ஏலம் விளைவது மேலே, உடும்பன்சோலைப் பக்கம். அதை எடுக்கும் கைகளில் பெரும்பங்கு கீழேயிருந்து போகிறவை.

கோடு முன்பும் இருந்ததுதான். கீழே மதராஸ் மாகாணம், மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆனால் அப்போது ராஜாதான் வேறு. 1956 நவம்பர் 1க்குப் பிறகு மொழியே வேறு என்றாகிவிட்டது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் கேட்டுப் போராடியது. தெற்கே கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. மலை அங்கேயே நின்றது. தோட்டத் தமிழரில் பலர் வந்துபோகிறவர்கள்தானே என்ற வாதமும் அப்போது எழுந்தது. வந்துபோகிறவனுக்கு ஊர் எது? எழுத்தர் வேலையில் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் 'தெபேயிஸ்மான்' என்று ஒரு சொல் உண்டு. சொந்த மண்ணை விட்டுப் போனவனுக்கு வரும் திகைப்பு. மனைவியின் ஊரான போடிக்கு வந்து குடியேறிய எனக்கு அது சில வருஷம் இருந்தது. ஜீப்பில் போகிறவர்களுக்கு அது தினக்கூலி மாதிரி. காலையில் ஏறும், மாலையில் இறங்கும்.

இந்த வாழ்க்கையைச் சினிமா தொட்டிருக்கிறது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நான் மதிக்கும் படம். ஏல மூட்டை சுமக்கும் ரங்கசாமி துண்டு நிலத்துக்காகக் காசு சேர்த்து, கடைசியில் கைவிட்டுப்போன அந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளி ஆகிறான். வெளியே வந்து அரைமணி நேரம் யாரிடமும் பேசத் தோன்றவில்லை. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டம். அது இன்னும் கனம். எஸ்டேட் என்றாலே நாம் அழத்தான் வேண்டுமா?

இந்த மலைக்குச் சிரிக்கத் தெரியும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். ரோசம்மா ஜெயித்தார். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு இசையமைத்த இளையராஜா அந்தப் பாவலரின் தம்பிதான்.

பஞ்சாபிப் படத்தின் இரண்டாம் பாகம் 2020 மார்ச் 13 அன்று வெளியாகி, கொரோனாவால் சில நாளில் நின்றுபோனது. அதே மாதம் இங்கே மெட்டுச் சோதனைச் சாவடியும் அடைபட்டது. மேலே காய், கீழே ஆள். ஏலக்காய் விற்பனையும் நின்றது. அந்த மார்ச்சை வைத்து ஒரு நல்ல நகைச்சுவைப் படமே எடுக்கலாம், யாரும் எடுக்கவில்லை.

இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் தோட்டங்களில் தங்கி வேலை பார்க்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து காய் எடுக்கப் போகும் ஒரு பெண் அவர்களுக்குத் தமிழ் வசவுகளில் நாலைந்தைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு நூறு வரை இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு என்ன கூலி என்று இப்போது தனக்கே கேட்டுத் தெரியுமாம்.