போடி மெட்டு இறக்கமும் ஒரு குளிர்ந்த பேட்டரியும்

இந்த எபிசோடை ஒரு கற்பனைக் காட்சியோட ஆரம்பிக்கலாம். டிசம்பர் மாசம். போடிநாயக்கனூர்லேருந்து மின்சாரக் கார்ல மலையேறி, போடி மெட்டுக்குப் பக்கத்துல ஒரு ஏலத்தோட்டத்துல தங்குறீங்க. ராத்திரி சார்ஜ் போட்டாச்சு, காலையில 100 சதவீதம். உற்சாகமா கீழே கிளம்புறீங்க. ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா வண்டி வழக்கம்போல இழுத்துப் பிடிக்கணும்ல? பிடிக்கல. வழுக்கிக்கிட்டே போகுது. கீழே 17 கொண்டை ஊசி வளைவு காத்திருக்கு.

வண்டி ரிப்பேரா? இல்ல. ஏன்னு புரிய கொஞ்சம் வரலாறு வேணும்.

இந்தச் சரிவுல சரக்கை எப்படி ஏத்துறது, எப்படி இறக்குறதுங்கிறது நூறு வருஷத்துக் கேள்வி. 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒற்றைத் தண்டவாளத்துல வண்டி ஓடுச்சு, இழுத்தது மாடுங்க. 1908-ல் அது சின்ன ரயில் பாதையா மாறுச்சு. டாப் ஸ்டேஷன்லேருந்து தேயிலை கம்பிவடத்துல தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்துச்சு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. 1928-ல் மதுரையிலேருந்து போடிக்கு ரயில் வந்துச்சு. இன்னைக்கு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்களை விடியக்காலையில ஏத்திக்கிட்டுப் போறது ஜீப்.

இதே காலத்துல அமெரிக்காவுல வேற கதை. 1900 வாக்குல அங்கே மின்சாரக் கார் சாதாரண விஷயம். குளிர்காலத்துல பெட்ரோல் கார்தான் தொல்லை. எண்ணெய் கெட்டியாயிடும், கைப்பிடியைச் சுத்தணும், அது திருப்பி அடிச்சா மணிக்கட்டு உடையும். மின்சாரக் காருக்கு சுவிட்சைப் போட்டாப் போதும். 1912-ல் கேடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங்கோட மின்சார ஸ்டார்ட்டர் வந்துச்சு. அதாவது, ஒரு சின்ன பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் சேர்ந்துதான் மின்சாரக் காரோட பெரிய வசதியைப் பறிச்சது! ஃபோர்டோட விலைக்குறைப்பும் சேர்ந்துக்கிச்சு. எடிசனோட நிக்கல்-இரும்பு பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். ஆனா குளிர்ல சோர்ந்து போயிடும்.

அந்தச் சோர்வு இன்னும் முழுசா போகல. 2001-ல் பெங்களூருலேருந்து வந்த ரேவா கார்ல இருந்தது ஈய-அமில பேட்டரி. அதுக்கு முன்னாடியே, 1991-ல், சோனி லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்துச்சு. இன்னைக்கு நம்ம கார்ல இருக்கறது அந்த வகை. குளிர்ல இதுக்குள்ள லித்தியம் அயனிகள் மெதுவா நகரும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே வேகமா சார்ஜ் ஏத்தினா, அயனிகள் உள்ளே போகாம மேலேயே உலோகமா படிஞ்சிடும். அது நிரந்தர சேதம். அதனாலதான் காரோட கட்டுப்பாட்டு அமைப்பு தானாவே சார்ஜ் வேகத்தைக் குறைக்குது. ஜனவரியில உறைபனி விழற மூணாறு தோட்டங்கள்ல இதை நீங்களே பார்க்கலாம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. போடியிலேருந்து போடி மெட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். 1,600 கிலோ காரை அவ்வளவு தூக்க மட்டும் சுமார் 4.4 யூனிட் மின்சாரம் வேணும். 30 யூனிட் பேட்டரின்னா, ஏழுல ஒரு பங்கு உயரத்துக்கே போயிடும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி, வண்டியைப் பிடிச்சு, அதுல ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனா நிறைஞ்ச குடத்துல தண்ணி ஊத்த முடியுமா? பேட்டரி நிறைஞ்சிருந்தா அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்ல. குளிர்ந்திருந்தா இன்னும் குறைவாத்தான் வாங்கிக்கும். அப்போ மொத்தப் பாரமும் பிரேக் கட்டை மேல விழும். விடாம மிதிச்சா அது சூடேறிப் பிடிக்காமப் போகலாம்.

அதனால மேலே தங்கினா 80 சதவீதத்தோட நிறுத்துங்க. போய்ச் சேர்ந்ததும், பேட்டரி சூடா இருக்கும்போதே சார்ஜ் போடுங்க. காலையில கிளம்பறதுக்கு முன்னாடி, சார்ஜர்ல இருக்கும்போதே வண்டியைச் சூடாக்குங்க. பெட்ரோல் கார் மாதிரி இன்ஜின் சூடு இங்கே சும்மா கிடைக்காது, ஹீட்டரும் பேட்டரியிலேருந்துதான் எடுக்கும். இறக்கத்துல முதல் வளைவுலேருந்தே மெதுவாப் போங்க. பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி இறங்குங்க.

குளிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நார்வேயில 2024-ல் விற்ற புதுக் கார்கள்ல பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரக் கார்தான்.

மலை ஓட்டுநர்கள்கிட்ட ஒரு பாடம் உண்டு: ஏறுன கியர்லயே இறங்கு. மின்சாரக் கார்ல மாத்த கியர் கிடையாது. பேட்டரியில நீங்க காலியா விட்டு வைக்கிற அந்த 20 சதவீதம்தான் உங்க கியர். அடுத்த வாரம் பார்ப்போம்.